சிங்கம் எழுத இடம் பத்தவில்லை

இந்தப் புடவையும் அவளுக்குப் பிடிக்காமல் போகட்டும் என்று ஆவுடையப்பன் வேண்டிக்கொண்டிருக்கும்போதே, கடைக்காரர் பேச்சிமுத்து அதை விசிறிய விசிறலில் கத்தரிப்பூ நிறம் வெள்ளை மெத்தை முழுக்க வெள்ளமாக ஓடி அவருடைய முழங்கால் வரைக்கும் வந்து நின்றது. பிடிக்கக் கூடாது, காந்திமதித் தாயே, பிடிக்கவே கூடாது, பிடித்துவிட்டால் பில், பில் போட்டால் வெள்ளிக்கிழமை ரிஜிஸ்தர் ஆபீஸ், ரிஜிஸ்தர் ஆபீஸ் என்றால் கையெழுத்து, கையெழுத்துக்கு அப்புறம் சொன்னால் அதற்குப் பேர் சொல்வதில்லை, பிடிபடுவது. சொல்வதென்றால் புடவைக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும், அதுதான் நியாயம், நியாயம் என்ற சொல் எவ்வளவு லேசாக இருக்கிறது, நாக்கில் வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது, அதற்கடுத்த சொல்தான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. ஊறுகாய்க் கம்பெனிக்கு விற்பனை ஆளாகத் தமிழ்நாட்டில் அவர் படுக்காத லாட்ஜ் இல்லை, ரத்ததானம் செய்யாத மூட்டைப்பூச்சி இல்லை. எந்தக் கழுத்திலும் மூன்று முடிச்சுப் போடாமல் அறுபதைத் தொட்டுவிட்ட மனிதர், இப்போது திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், மெத்தை ஓரம் பிளாஸ்டிக் ஸ்டூலில், புதுமாப்பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறார். எதிரே புடவைக் குவியலுக்கு நடுவில் சம்மணம் போட்டுச் செண்பகவல்லி, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள், புருஷன் போய்ப் பல வருஷமாகத் தனியாக இருப்பவள், வெள்ளிக்கிழமை முதல் அவருக்குப் பெண்டாட்டியாக வரச் சம்மதித்திருப்பவள். இவ்வளவும் மங்களகரமாக இருக்கையில் அவருடைய வேட்டிக்குள்ளே, அடிவயிற்றுக்கும் கீழே, காலையிலிருந்து ஒரே ஒரு எறும்பு ஓடிக்கொண்டிருக்கிறது. நிஜ எறும்பாயிருந்தால் தட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். இது தோலுக்கு அடியில் ஓடுகிற எறும்பு. இன்றைக்கு ஓடும், நாளைக்குச் சுருக்கென்று குத்தும், நாளை மறுநாள் கொப்புளமாகக் கொலு வைக்கும், அவருக்குத் தெரியும், முப்பது வருஷமாக அவருக்குத் தெரிந்த ஒரே விருந்தாளி அது.

"பொண்ணுக்கா அக்கா எடுக்கியோ?" என்று பேச்சிமுத்து கேட்டார். "பொண்ணு நாந்தான்" என்றாள் செண்பகவல்லி. பேச்சிமுத்துவுக்குக் கையிலிருந்த புடவை ஒரு நிமிஷம் அந்தரத்தில் நின்றது, ஆனாலும் ஜவுளிக்காரர் ஜவுளிக்காரர்தான், "அதான பாத்தேன், மொகத்துல களை இருக்கேன்னு! அப்ப கத்தரிப்பூ வேண்டாம்க்கா, கிளிப்பச்சை பாப்போம்" என்று எழுந்து அடுக்கில் கையை விட்டார். கத்தரிப்பூ போயிற்று. ஆவுடையப்பன் மூச்சு விட்டார். கத்தரிக்காய். அந்த அப்பாவி கத்தரிக்காயை அவர் எத்தனை வருஷம் ஒதுக்கி வைத்தார்! மதுரையில் ஒரு மெஸ்காரர், 'கத்தரிக்கா அரிப்புப்பா, கரப்பான் வஸ்து' என்று சொன்ன அன்றே தீர்ப்பு எழுதிவிட்டார். அதற்கு முன்னால் குற்றவாளிக் கூண்டில் நின்றது கருவாடு, அதற்கு முன்னால் பலாப்பழம், அதற்கும் முன்னால் கோழி, நாட்டுக்கோழி தனியாக, பிராய்லர் தனியாக. ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு விசாரித்து, 'நீ வந்த மறுநாள்தானே அது வந்தது' என்று நாடு கடத்தினார். ஒரு காலத்தில் தயிர்சாதமும் பூசணிக்காயும்தான் அவர் இலையில் நல்ல நடத்தைக்காரர்களாக மிஞ்சியிருந்தார்கள். அப்புறமும் அது வந்தது. அப்போது உடம்புச் சூடு என்றார்கள். வேன் எஞ்சினுக்குப் பக்கத்து ஸீட்டை விட்டுப் பின்னால் மிளகாய் ஊறுகாய் ஜாடிகளோடு ஜாடியாக உட்கார்ந்து போனார். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய், வெந்தயம், இளநீர், தொப்புளில் விளக்கெண்ணெய். அப்புறமும் வந்தது. புதன்கிழமை வந்தது, வியாழக்கிழமை வந்தது, அமாவாசைக்கு வந்தது, ஒரு அமாவாசைக்கு வராமல் இருந்து அவரை முட்டாளாக்கியது. காரணம் வேண்டும் மனுஷனுக்கு, காரணம் இல்லாமல் தலைவலியைக்கூடத் தாங்கமுடியாது. பக்கத்து வீட்டுக்காரியின் கண் என்று சொன்னாலாவது ஒரு சமாதானம், எதிரி யாரென்று தெரிந்துவிட்டதே.

"கிளிப்பச்சை எனக்கு நிக்குமா சார்?" அவரைத்தான் கேட்கிறாள். சார். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று இரண்டு பேரும் இன்னும் முடிவு செய்யவில்லை, அதுவரைக்கும் சாரும் மேடமும். "நிக்கும் மேடம், நல்லா நிக்கும்" என்று வாய் சொல்லிற்று, சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது. ஆனால் செண்பகவல்லி பச்சையைத் தோளில் வைத்துக் கண்ணாடியைப் பார்த்து, "பஞ்சவர்ணக்கிளி மாரி இருக்கேன், வாயில ஒரு கொய்யாப்பழத்த வச்சாப் போதும்" என்றாள். பச்சையும் போயிற்று. என்ன ஒரு வாய் இவளுக்கு. அந்த வாயில் விழுந்தவர்தானே இவர். பாளையங்கோட்டை மைதானத்தில் காலை நடையின்போது, களக்காட்டு மலைப் பாதையில் ஊறுகாய் வேனை மறித்த சிறுத்தைப்புலி ஒரு ஜாடி நார்த்தங்காயைத் தின்றுவிட்டுத் தும்மிக்கொண்டே இரண்டு மலை தாண்டிப் போன கதையை நடைக் கோஷ்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். இவள் மட்டும் சிரிக்காமல் கூடவே நடந்துவந்து, "சிறுத்தை சரி சார், அந்த ஜாடி மூடிய அது எப்படித் திறந்துச்சு?" என்று கேட்டாள். அவர் ஜென்மத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. மூடி! ஊர் முழுக்கப் பேசின டிரங்க் கால்களையெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு இருந்தவள், யார் எங்கே புளுகுகிறார்கள் என்பது மூச்சிலேயே தெரியும் அவளுக்கு. அன்றைக்கு அவர் மூடிக்குப் பதில் கண்டுபிடிக்க இன்னும் ஒரு சுற்று நடந்தார், மறுநாள் இன்னும் இரண்டு சுற்று, அப்படியே சுற்றிச் சுற்றி இந்த மெத்தைக்கு வந்து சேர்ந்தாகிவிட்டது. அவளிடம் போய் இதைச் சொன்னால்? நம்புவாளா? இத்தனை காலம் விட்ட சரடெல்லாம் இப்போது கழுத்தில் சுற்றிக்கொள்ளாதா? நம்பினால் எழுந்து போய்விடுவாள், நம்பாவிட்டால் தெரியாமலே கட்டிக்கொள்வாள், இதில் எதை வேண்டிக்கொள்வது? எறும்பு இடமிருந்து வலம் போயிற்று. கவலைப்படாதே, கவலைப்பட்டால் வரும் என்றாரே டாக்டர், கவலைப்படக் கூடாதே என்பதும் ஒரு கவலைதானே, அதற்கும் சேர்த்து வருமே, வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு தடவை, இப்படி வட்டம் போடுகிற எறும்பை எந்த வாசலில் மறித்து நிறுத்துவது.

முதல் தடவை வந்தபோது வயது முப்பதுகூட இல்லை. காய்ச்சல், கவட்டையில் நெறி, அந்த இடத்தில் கொத்தாகக் கொப்புளம், ஒன்றுக்குப் போனால் கண்ணில் மின்னல். யாரிடம் காட்ட? தூத்துக்குடிப் பக்கம் போயிருந்த இடத்தில் கூட வந்த டிரைவரிடம் 'இடுப்பில்' என்று மட்டும் சொன்னார். டிரைவர், 'அண்ணாச்சி, அது அக்கி. வேளார் வீட்டுக்குப் போய் எழுதிக்கிட்டா மூணு நாள்ல அமுங்கிரும்' என்றான். அக்கி எழுதுவது எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்தானே, மண்பாண்டம் செய்கிற வேளார் செங்காவியைக் குழைத்துக் கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கம் எழுதுவார், சிங்கத்தைப் பார்த்து அக்கி ஓடிவிடும். போனார். வேளார் ஒரு முதியவர், சக்கரத்தை நிறுத்திவிட்டு, கையைக் கழுவி, கோழி இறகைக் காவியில் தோய்த்துக்கொண்டு, "எங்க தம்பி அக்கி?" என்றார். ஆவுடையப்பன் அக்கம்பக்கம் பார்த்தார், கதவைச் சாத்தச் சொன்னார், காட்டினார். வேளார் நெடுநேரம் பார்த்தார். இறகை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார். கடைசியில் தொழில்காரனுக்கே உண்டான வருத்தத்தோடு, "சிங்கம் எழுத இடம் பத்தாதே தம்பி" என்றார். "சின்னதா ஒண்ணு எழுதுங்களேன்." "சின்னதா எழுதினா பூனையாப் போயிரும். பூனைக்கு அக்கி பயப்படாது." அப்புறம் அவரே யோசித்து, அடிவயிற்றில் தாராளமாக ஒரு சிங்கத்தை எழுதினார், பிடரியும் வாலுமாக, தலையைக் கீழே பார்க்க வைத்து, "மேல இருந்து காவல் காக்கும், போங்க" என்றார். என்ன ஆச்சரியம், பத்து நாளைக்குள் கொப்புளமெல்லாம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. காவி எழுதாவிட்டாலும் பத்து நாளில் உதிர்ந்திருக்கும் என்பது யாருக்குத் தெரியும்? பிறகு ஒவ்வொரு தடவையும் எங்கேயிருந்தாலும் பஸ் பிடித்து அந்த வேளார் வீட்டுக்கு ஓடினார். ஒவ்வொரு தடவையும் சிங்கம் ஜெயித்தது, அது பாட்டுக்கு மறுபடியும் வந்தது. பல வருஷம் கழித்து வேளாரே இறகைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, ஒரே சிங்கத்த எத்தன தடவ பாத்தா அது பயப்படும்? பழகிட்டு. நீங்க டாக்டர்ட்ட காட்டுங்க" என்றார். அப்போதும் காட்டவில்லை. இனிமேல் சிங்கமும் இல்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டு ஒரு கிலோ அல்வா வாங்கி லாட்ஜில் தனியாகத் தின்றார்.

"மயில்கழுத்து வேண்டாம். சந்தனமும் வேண்டாம், சந்தனம் கட்டினா ஆஸ்பத்திரி ஆயா மாரி இருக்கும்." செண்பகவல்லி தள்ளிக்கொண்டே இருந்தாள், அவள் தள்ளத் தள்ள ஆவுடையப்பனுக்கு ஆயுள் கூடிக்கொண்டே இருந்தது. தள்ளுவதில் அவரும் மன்னர்தான். அந்தக் காலத்தில் எத்தனை பெண் வீட்டார்! ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை. கோவில்பட்டிக்காரர்களிடம், தனக்குத் தூக்கத்தில் நடக்கிற வியாதி, போன வாரம் தூங்கிக்கொண்டே சங்கரன்கோவில் வரைக்கும் போய்விட்டதாகச் சொன்னார். ஸ்ரீவைகுண்டத்துக்காரர்களிடம், ரங்கூனில் தாத்தாவுக்கு ஒரு குடும்பம் இருக்கிறது, அவர்கள் சொத்துக்கு வரப்போகிறார்கள் என்றார். தாத்தா தாமிரபரணியைத் தாண்டினதில்லை. எல்லாரும் காப்பியைக் குடித்துவிட்டு ஓடினார்கள். 'அவனுக்குக் கல்யாண ஆசையே இல்ல' என்று ஊர் சொல்லிற்று. இல்லையா! இருந்த ஆசைக்கு அளவில்லை. பெண் வீட்டார் வருகிறார்கள் என்று தந்தி வந்த அன்றைக்கே எறும்பு ஓட ஆரம்பித்துவிடும், அதுவும் ஒரு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும், அதை வைத்துக்கொண்டு எந்தப் பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பது? கத்தரிக்காயைச் சந்தேகப்பட்டவர் இந்தப் பதற்றத்தைச் சந்தேகப்படவில்லை பாருங்கள். முதலாளி கணக்குக் கேட்டுக் கூப்பிட்டால் வரும், திருச்செந்தூருக்கு வெயிலில் நடந்துபோய்க் காய்ச்சல் கண்டால் வரும், தூக்கம் கெட்டால் வரும், புதுத் துணி உரசினால் வரும். எல்லாம் கண் எதிரே நடந்தது. அவர் மட்டும் இலையில் என்ன விழுந்தது என்றே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிப் பக்கம் டாக்டர் மெர்சியிடம் போனதே இந்த வருஷம்தான், செண்பகவல்லி சரி என்று சொன்ன மறுநாள். போனால் அந்த அம்மாள் பார்த்த பார்வையில் அருவருப்பும் இல்லை, ஆச்சரியமும் இல்லை, காய்கறிக்காரி வெண்டைக்காயைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, பரிசோதனைக்கு அனுப்பி, "ஹெர்பிஸ்" என்றார். "யார்ட்டருந்து வந்ததுன்னு மண்டைய உடைக்காதீங்க. குடுத்தவங்களுக்கே தெரியாம இருந்திருக்கலாம், நெறைய பேருக்கு இருக்கதே தெரியாது." சேலத்தில் இருந்தபோது ஒருத்தி, சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும், அவளாக இருக்கும், அவளுக்கும் தெரிந்திருக்காது, எங்கேயிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். "அது ஏன் டாக்டரம்மா திரும்பத் திரும்ப வருது? நான் கத்தரிக்கா சாப்பிட்டு..." "நல்லா சாப்பிடுங்க. கத்தரிக்கா ஒண்ணும் பண்ணல. அந்தக் கிருமி முதல்ல வந்தப்பவே நரம்பு வழியா ஏறி முதுகெலும்புக்கு அடியில ஒரு நரம்பு முடிச்சுக்குள்ள போய்ப் படுத்துக்கிடும். அங்கேருந்து அத யாராலயும் கிளப்ப முடியாது. உடம்பு அசந்தா, காய்ச்சல் வந்தா, மனசு அலைஞ்சா, சில சமயம் ஒரு காரணமும் இல்லாம, முழிச்சு அதே நரம்பு வழியா இறங்கி வரும். வயசாக ஆக வாறது குறையும்." வாடகை தராத குடித்தனக்காரன்! முதுகுக்குப் பின்னால் உள்ளறையில் பாய் விரித்துக் குறட்டை விடுகிறான், வீட்டுக்காரனுக்கு ஒரு கஷ்டம் என்றால் மட்டும் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்கிறான். ஆவுடையப்பனுக்கு அன்று சிரிப்பாக வந்தது, முப்பது வருஷச் சுமையில் பாதி அந்தச் சிரிப்பிலேயே இறங்கிவிட்டது. மீதிப் பாதியை டாக்டர் கடைசியில் எடுத்து மறுபடியும் தலையில் வைத்தார். "கல்யாணம் பண்ணப் போறீங்கல்லா? எறும்பு ஓடும்போதும் புண்ணு இருக்கும்போதும் சேரக் கூடாது. புண்ணு இல்லாதப்பவும் தொத்த வாய்ப்பு உண்டு, கம்மி, ஆனா உண்டு. ஆணுறை இருக்கு, தினம் சாப்பிட மாத்திரை இருக்கு, இன்னும் கம்மியாக்கலாம். ஆனா அவங்ககிட்ட சொல்லிரணும். முடிவு அவங்களோடது." முடிவு அவங்களோடது. அந்த வாக்கியத்துக்கு மாத்திரை கிடையாது.

திடீரென்று மாடியில் ஓசை அடங்கினது மாதிரி இருந்தது. ஓசை அடங்கவில்லை, செண்பகவல்லி பேசுவதை நிறுத்தியிருந்தாள். மடியில் அரக்கு நிறத்தில் ஒரு புடவை, ஒடுங்கின கரை, எங்கோ ஒன்றிரண்டு ஜரிகைப் பொட்டு. கை அதன் மேல் போயிற்று, போன கை திரும்பி வரவில்லை. பிடித்துவிட்டது. பஞ்சவர்ணக்கிளி என்று சொல்லு, ஆயா என்று சொல்லு, ஏதாவது சொல்லு தாயே. அவள் எழுந்து கண்ணாடி முன் நின்று தோளில் போட்டுப் பார்த்தாள், ஐம்பத்தெட்டு வயசு முகத்தில் வெட்கம் ஒன்று வந்து எங்கே உட்காருவது என்று தெரியாமல் தவித்தது. ஐயோ, எவ்வளவு அழகாக இருக்கிறாள். இவளிடம் சொல்லாமல் இருக்கலாம் என்று ஒரு மனசு, இவளிடமா சொல்லாமல் இருப்பது என்று ஒரு மனசு. "இதே கலர்ல முந்தி கொஞ்சம் எடுப்பா ஒண்ணு கீழ இருக்குக்கா, ஒரு நிமிஷம்" என்று பேச்சிமுத்து படியிறங்கினார். மெத்தையில் வேறு யாரும் இல்லை. எத்தனை வழியில் ஆரம்பிக்கலாம்: காசிக்குப் போன ஒரு சாமியார் தந்த சாபம் என்று ஆரம்பிக்கலாம், முதுகுக்குப் பின்னால் ஒரு குடித்தனக்காரன் என்று ஆரம்பிக்கலாம், வேளார் வீட்டில் ஆரம்பித்தால் அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பாள், அந்தச் சிரிப்பின் இடுக்கில் விஷயத்தை நைசாகச் செருகிவிடலாம். வாயைத் திறந்தார். சாமியார் வரவில்லை, குடித்தனக்காரன் வரவில்லை.

"மேடம், எனக்கு ஹெர்பிஸ்னு ஒரு நோய் இருக்கு. மர்மஸ்தானத்துல. தீராது, வந்து வந்து போவும். உங்களுக்கும் தொத்தலாம்."

கண்ணாடிக்குள்ளிருந்து அவள் புன்னகையோடு, "அப்புறம்?" என்றாள். எப்போதும் கேட்கிற அப்புறம்.

"அப்புறம் ஒண்ணுமில்ல."

"சிறுத்தை கிறுத்தை ஒண்ணும் வரலியா?"

"இல்ல மேடம்."

புன்னகை மட்டும் கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டுப் போயிற்று. அவள் வந்து உட்கார்ந்தாள். தோளிலிருந்த புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் மடிப்பை நகத்தால் நீவினாள், நீவினதையே திரும்ப நீவினாள். சரி, எழுந்துவிடுவாள், இப்போது செருப்பைத் தேடுவாள், தேடட்டும், அவளைக் குற்றம் சொல்ல முடியுமா, ஆட்டோ பிடித்துக் கொடுக்க வேண்டும், அழக் கூடாது, ஜவுளிக்கடையில் புதுமாப்பிள்ளை அழுதால் நன்றாயிருக்காது.

"நீங்க இவ்ளோ சுருக்கமாப் பேசி நான் கேட்டதே இல்ல" என்றாள். "டிரங்க் கால்ல சாவுச் செய்தி சொல்றவங்கதான் இப்படிச் சொல்லுவாங்க. அதான் நம்புதேன். இப்ப இருக்கா?"

"வரப்போவுது. எறும்பு ஓடுது."

"எதுனால வருது?"

"இன்னைக்குப் பயத்துனால."

"என்ன பயம்?"

"உங்ககிட்ட சொல்லணுமேன்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வரக்கூடாத இடத்தில் வந்த சிரிப்பைப் புடவை முந்தியால் பொத்திக்கொண்டாள், பொத்தினது இன்னும் வாங்காத புடவை என்று தெரிந்து சட்டென்று எடுத்தாள். "மருந்து?"

"மாத்திரை பையிலயே இருக்கு. எறும்பு ஓடும்போதே போட்டா நல்லதாம்."

"அப்ப ஏன் போடாம உக்காந்திருக்கீங்க?"

"சொல்லாம முழுங்க மனசு வரல மேடம்."

அவள் தன் கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி நீட்டினாள். "முழுங்குங்க மொதல்ல." முழுங்கினார். அவருடைய தொண்டைக்குழி ஏறி இறங்குவதைக் கடைசி வரைக்கும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எனக்குப் பயமாத்தான் இருக்கு சார், பொய் சொல்ல மாட்டேன். எனக்கு நூறு கேள்வி இருக்கு. அத உங்ககிட்டக் கேட்டா பாதிக்கு மேல புலி வந்துரும். அந்த டாக்டரம்மாவ நானே பாக்கணும், நானே கேக்கணும், நீங்க வெளிய பெஞ்சில உக்காரணும். இன்னைக்கு இருப்பாங்களா?"

"பதினோரு மணிக்கு மேல இருப்பாங்க." எறும்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அது இப்போது வெறும் எறும்பு.

பேச்சிமுத்து ஒரு பொட்டலத்தோடு மூச்சிரைக்க ஏறி வந்தார். "இந்தா அக்கா, முந்தி பாருங்க, ராணி மாரி..."

"அது வேண்டாம் அண்ணாச்சி. இதுதான்." அரக்குப் புடவையை மடித்து அவர் கையில் கொடுத்தாள். "பில் போடாதீங்க. எம்பேரு எழுதி எடுத்து வைங்க. சாயங்காலம் வாரோம்."

"ஏன்க்கா, இன்னும் நாலு கடை பாக்கணுமா?"

"பொருத்தம் பாக்காம எடுக்க வந்துட்டோம். இப்பத்தான் ஞாபகம் வந்துது. பாத்துட்டு வாரோம்."

"எந்த ஜோசியர்ட்டக்கா? நம்ம டவுன்லயே நல்ல ஆளு இருக்காரே!"

"இது ஹைகிரவுண்ட் பக்கம். பொம்பள ஜோசியர். பாத்துட்டு மாத்திரையும் எழுதித் தருவாங்க."

பேச்சிமுத்து திகைத்து ஆவுடையப்பனைப் பார்த்தார். ஆவுடையப்பனுக்கு உடனே நாலு ஜோசியர் கதை தொண்டை வரைக்கும் வந்து வரிசையில் நின்றது. "அண்ணாச்சி, அந்த ஜோசியர் இருக்காங்கல்லா..." என்று ஆரம்பித்தவரின் முழங்கையைச் செண்பகவல்லி பிடித்து எழுப்பினாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். நடங்க." படிக்கட்டின் திருப்பத்தில் நின்று மேலே பார்த்து, பேச்சிமுத்துவுக்குக் கேட்கும்படியாக உரக்கச் சொன்னாள்: "அண்ணாச்சி, அத வேற யாருக்கும் குடுத்துராதீங்க."